மடக்க முடியாத காலும் விமான இருக்கையும்

காலை மடக்க இயலாத பயணி விமானத்தில் வசதியான இருக்கை கோருவது சலுகையா, உரிமையா? அமெரிக்காவில் அது உரிமை. 1986 ஆம் ஆண்டின் விமானப் பயண அணுகல் சட்டத்தின் கீழான விதிகள், கால் நீட்டத்தக்க இருக்கையைக் கூடுதல் கட்டணமின்றி அவருக்கு அளிக்கப் பணிக்கின்றன. அந்நாட்டுக்கு வந்து செல்லும் வெளிநாட்டு விமானங்களையும் 2009 மே முதல் இவ்விதிகள் கட்டுப்படுத்துவதால், சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் செல்லும் தமிழரும் இதனைக் கோரலாம்.

பிற உடற்குறை உள்ளோரின் நிலை சற்று வேறு. 24 மணி நேரத்துக்கு மேல் முன்னதாகப் பதிவு செய்தால், எவருக்கும் ஒதுக்கப்படாத பொருத்தமான இருக்கை கிடைக்கும். பிறருக்கு ஒதுக்கியதை மாற்றித்தரும் கடமை நிறுவனத்துக்கு இல்லை. உயர் வகுப்பும் கோர இயலாது. கால் நீட்ட இடமிருந்தாலும், அவசர வாயில் வரிசை ஆபத்தில் கதவைத் திறக்க வல்லவருக்கே உரியது.