பாடு

செஞ்சிப் பக்கம் இழவுக்கு வருகிறவர்கள் திண்ணையில் உட்கார்ந்ததும் சொல்வது: "என்னா பாடுபட்டா மகராசி!" சுடு சூடானதுபோல, 'படு' என்பதன் முதலெழுத்து நீண்டு 'பாடு' ஆனது. உழைப்பு, துன்பம், பெருமை, பொழுது சாய்தல், சாவு என அத்தனைக்கும் இந்த ஒரே சொல். அம்மா போன பிறகுதான் எனக்கு அதன் கனம் புரிந்தது. விதை மல்லாட்டை (நிலக்கடலை) உடைத்து உடைத்து அவள் கட்டைவிரல் நகம் பாதியாய்த் தேய்ந்திருந்தது. குளிப்பாட்டும்போது அந்த விரலைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஊருக்கு வடக்கே திருநாதர்குன்றில், 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி ஆசிரியர் நினைவாக 'நிசீதிகை' என்று பாறையில் வெட்டியிருக்கிறார்கள். அம்மாவுக்குக் கல்லில்லை. திண்ணையில் சொன்ன அந்தச் சொல் இருக்கிறது. கடைசியாக அவள் உடைத்த மல்லாட்டைப் பயறு இன்னும் முறத்தில் கிடக்கிறது.