ஒரு முழம் குறைந்த சேலை

அம்மாவின் கல்யாணச் சேலையை வெட்டுவதா வேண்டாமா என்று எங்கள் வீட்டில் மூன்று மாதம் பேச்சு நடந்தது. அக்காவின் பேத்திக்கு ஞானஸ்நானம். பினாங்கு சாலையில், தமிழ்க் கத்தோலிக்கர்கள் தலைமுறைகளாகப் போய்வரும் புனித பிரான்சிஸ் சவேரியார் கோயிலில். “பாட்டி சேலையில புள்ளைக்கு ஒரு கவுன் தைச்சிடலாம் மாமா. அலமாரியில கிடந்து என்ன ஆகப் போகுது?” என்று அக்கா மகள்தான் ஆரம்பித்தாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பழசு எதுவானாலும் அப்படியே இருக்கட்டும் என்கிற கட்சி நான். ஜார்ஜ் டவுன் 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய பிறகு இந்த ஊரில் என்னைப் போன்றவர்கள் பெருகிவிட்டோம். ஓட்டை ஓடானாலும் மாற்ற விடமாட்டோம்.

அம்மா 1961இல் கட்டிய சேலை அது. வெள்ளைப் பட்டு, கரையில் வெள்ளி ஜரிகை. அதோடு வலைத்துணியில் ஒரு முக்காடு. அந்த வெள்ளைக்கே வீட்டில் பெரிய சண்டையாம். “தாலி ஏறப் போற பொண்ணுக்கு வெள்ளையா கட்டுவாங்க?” என்று அம்மாச்சி மூன்று நாள் சாப்பிடவில்லை. அவர் கேட்டதில் நியாயம் உண்டு. தமிழருக்கு வெள்ளைச் சேலை என்றால் கைம்பெண் நினைவுதான் முதலில் வரும். அண்டை வீட்டுச் சீனர்களுக்கும் வெள்ளை துக்கத்தின் நிறம். இப்படி இரண்டு பக்கமும் சாவைச் சொல்கிற ஒரு நிறத்தை மணப்பெண்ணுக்கு உடுத்த வேண்டியிருந்தது. கடைசியில் எங்கள் உறவில் பல வீடுகள் செய்த சமாதானத்தையே அம்மாவுக்கும் செய்தார்கள். கோயிலில் வெள்ளை, வீட்டுக்கு வந்ததும் சிவப்புக் கூறை.

இந்த வெள்ளை எங்கிருந்து வந்தது? விக்டோரியா ராணி 1840 பிப்ரவரி 10ஆம் தேதி ஆல்பர்ட்டை மணந்தபோது வெள்ளைப் பட்டுச் சாட்டின் உடுத்தினார். பட்டு லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நெசவாளர்களுடையது, லேஸ் டெவன் மாவட்டத்து ஹானிட்டன் பின்னல். இரண்டும் நலிந்துகொண்டிருந்த உள்நாட்டுத் தொழில்கள். அவர்களுக்கு வேலை கிடைக்கட்டும் என்பதும் அந்த உடுப்பின் நோக்கம். அவருக்கு முன்னும் வெள்ளை உடுத்திய மணப்பெண்கள் உண்டு. ஆனால் அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு வெள்ளை ஒரு வழக்கமாகக் கெட்டிப்பட்டு, பேரரசின் துறைமுகங்களுக்கெல்லாம் கப்பலேறியது. அப்போது பினாங்கும் அந்தப் பேரரசின் துறைமுகம்தான்.

அக்கா மகள் இங்கேதான் என்னை மடக்கப் பார்த்தாள். “ராணியே கல்யாண கவுனை வெட்டித்தான் புள்ளைக்கு ஞானஸ்நான உடுப்பு தைச்சாங்களாம். நீங்க ராணிய விடப் பெரிய ஆளா?”

தேடிப் படித்தேன். கதை பாதி சரி. விக்டோரியாவின் மூத்த மகளுக்கு 1841 பிப்ரவரி 10 அன்று, பெற்றோரின் முதல் திருமண நாளிலேயே, ஞானஸ்நானம் நடந்தது. அந்த உடுப்பும் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் சாட்டினும் ஹானிட்டன் லேஸும்தான். ஆனால் கல்யாண உடுப்பை வெட்டித் தைத்ததல்ல, அதன் சாயலில் புதிதாகத் தைத்தது. அதன்பின் 160 ஆண்டுகளுக்கு மேல் அரச குடும்பத்தின் 60க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு அதே உடுப்பு. 2004இல் கடைசியாக அணிவித்தார்கள். துணி நைந்துபோனதால் அதே மாதிரி ஒன்று தைத்து 2008 முதல் அதைப் பயன்படுத்துகிறார்கள். புது லேஸ் பழசாகத் தெரிய வேண்டும் என்று தேநீரில் முக்கி நிறம் ஏற்றினார்களாம்.

“பாத்தியா, ராணி வெட்டலை” என்றேன். ஆனால் எனக்கே அது முழு உண்மையாகப் படவில்லை. கல்யாண லேஸை ராணியும் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை. பிரித்தெடுத்து வேறு வேறு உடுப்புகளில் வைத்து, அறுபது ஆண்டுகள் உடுத்திக்கொண்டே இருந்தார். 1897 வைர விழாவுக்கு வெளியிட்ட அதிகாரப்பூர்வப் படத்திலும் கல்யாண லேஸோடும் முக்காடோடும்தான் இருக்கிறார். 1901இல் அடக்கம் செய்தபோது அந்த முக்காட்டை முகத்தின்மேல் விரித்தார்கள்.

கல்யாணத் துணி கடைசியில் சாவுக்கு வந்து நிற்பது நமக்கும் பழக்கமானதுதான். கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களிடம் மந்திரகோடி உண்டு. மணமகன் மணமகளுக்குப் போர்த்துகிற புடவை. அதிலிருந்து நூல் உருவித் திரித்துத்தான் மின்னு என்கிற தாலியைக் கோப்பார்கள். அந்தப் புடவையைப் பத்திரமாக வைத்திருந்து, அவள் இறக்கும்போது உடுத்தி அனுப்புகிற குடும்பங்கள் உண்டு.

ஞானஸ்நான வெள்ளையோ கல்யாண வெள்ளையை விட மிகப் பழையது. ஆதித் திருச்சபையில் ஈஸ்டர் இரவில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் ஒரு வாரம் வெள்ளை உடுத்தியிருப்பார்கள். அதைக் களையும் ஞாயிறுக்கே லத்தீனில் வெள்ளாடை ஞாயிறு என்று பொருள்படும் பெயர் உண்டு. குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பது பெருகியபோது அது ஒரு சின்னத் துணியாகச் சுருங்கியது. இடைக்கால இங்கிலாந்தில் அதற்குக் ‘கிரிசம்’ என்று பெயர். தலையில் பூசிய பரிசுத்த எண்ணெய் கலைந்துவிடாமல் குழந்தையைச் சுற்றி அந்த வெள்ளைத் துணியைப் போர்த்துவார்கள். தாய் சுத்திகரிப்புச் சடங்குக்கு வரும்போது அதைக் கோயிலில் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் குழந்தை இறந்துவிட்டால் திருப்ப வேண்டாம். அதையே சுற்றிப் புதைப்பார்கள். 17ஆம் நூற்றாண்டில் லண்டனில் அச்சிட்ட சாவுக் கணக்குகளில் பச்சைக் குழந்தைகளின் சாவுக்கு அந்தத் துணியின் பெயரையே தலைப்பாகப் போட்டிருக்கிறார்கள். இதைப் படித்த அன்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

குழந்தையின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு நீளமாகத் தொங்கும் வெள்ளை அங்கி பின்னால் வந்தது. குழந்தைகளைத் துணிப்பட்டையால் இறுக்கிச் சுற்றும் பழக்கம் ஐரோப்பாவில் 18ஆம் நூற்றாண்டில் குறைந்த பிறகுதான் அது பரவியது. அப்போது அதற்கு உகந்த துணி எது? மெல்லிய வெள்ளை மஸ்லின். உயர்ந்த மஸ்லின் வங்காளத்திலிருந்து போனது. ‘வெள்ளைக்காரன் உடுப்பு’ என்று நாம் ஒதுக்குகிற அங்கியின் நூல் நம் பக்கத்துப் பருத்தி!

வெட்டித் தைப்பதோ நமக்கு இன்னும் பழக்கமானது. பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி போடாமல் பழந்துணி போடுகிற வழக்கம் தமிழ் வீடுகளில் உண்டு. பல வருசம் துவைத்துத் துவைத்துப் பூவாகிப் போன நூல்சேலையைக் கிழித்துத்தான் இடுப்புத்துணி. நீண்ட நாள் வாழ்ந்தவர்களின் துணி கிடைத்தால் ஆயுசு கெட்டி என்பார்கள். தமிழ்நாட்டில் தூளி என்பதை நாங்கள் ஏணை என்போம். இங்கே மேலே ஒரு ஸ்பிரிங்கை மாட்டி, அதில் சேலையையோ சாரோங்கையோ தொங்கவிட்டு ஆட்டுவார்கள். சீனர்களிடம் நூறு வீட்டுச் சட்டை என்று ஒன்று உண்டு. வீடு வீடாகக் கேட்டு வாங்கிய துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைத்தது. அத்தனை வீட்டு வாழ்த்தும் பிள்ளையைக் காக்கும் என்ற நம்பிக்கை. பிள்ளைகள் தங்காத வீட்டில் பிச்சை, குப்பை என்று பேர் வைத்த நம் பாட்டிமாருக்கு அது விளங்கியிருக்கும்.

ஆக, பழந்துணியை அப்படியே காப்பாற்றுவது நம் பழக்கமே இல்லை. தேய்த்தே தீர்ப்பதுதான் பழக்கம். பட்டுக்கு மட்டும் விதிவிலக்கு. அதைப் பெட்டியில் வைப்போம். நைந்துபோனால், தமிழ்நாட்டில் வாசலில் கூவிக்கொண்டு வருகிறவரிடம் ஜரிகைக்காக விற்போம். அவர் எரித்து வெள்ளியை எடுத்துக்கொள்வார்.

அம்மா சேலையைக் கடைசியில் லிட்டில் இந்தியா பக்கம் தைக்கிற ஓர் அக்காவிடம் கொண்டுபோனோம். வெட்ட அல்ல, பார்க்க மட்டும் என்று நான் நிபந்தனை போட்டிருந்தேன். அவர் மேசைமேல் வெள்ளை வேட்டி விரித்து, சேலையை மெல்லப் பிரித்தார். மடிப்பு வந்த இடமெல்லாம் பட்டு கத்தியால் கீறியது போல விட்டிருந்தது.

“மடிப்புல கை வைக்காதீங்க அண்ணே. பட்டு மடிப்புலதான் சாகும். வருசத்துக்கு ஒருக்கா மாத்தி மடிச்சிருக்கணும். பிளாஸ்டிக் பையில வேற வச்சிருக்கீங்க. இந்த ஊரு ஈரத்துக்கு ஜரிகை கறுக்காம என்ன செய்யும்?”

அறுபது வருசம் ‘பத்திரமாக’ வைத்ததன் லட்சணம் அது. நான் வாயைத் திறக்கவில்லை.

சேலையின் உள்முனையை, இடுப்பில் செருகும் பக்கத்தை, விரித்தபோது அவர் கை நின்றது. “இங்க ஏற்கெனவே வெட்டியிருக்கே.” முழம் போட்டுப் பார்த்தார். ஒரு முழம் குறைந்தது. கத்தரியால் நேராக வெட்டி, ஓரத்தை உருட்டி, பொடிப் பொடித் தையலாகக் கையாலேயே அடித்திருந்தது. அம்மாவின் தையல். லைட் ஸ்ட்ரீட் கான்வென்டில் படித்தவர். 1852இல் கன்னியர்கள் தொடங்கிய அந்தப் பள்ளி தையலுக்குப் பேர்போனது.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் சொன்னாள். “எனக்கு முன்னால ஒரு ஆம்பளப் புள்ள இருந்திச்சுடா. அறுபத்திரெண்டுல. ரெண்டு நாள்தான். பாதிரியாரக் கூப்பிட நேரமில்ல, அம்மாச்சிதான் தண்ணி ஊத்திப் பேர் வச்சாங்களாம். அம்மாச்சி சாகறதுக்கு முன்னாடி எங்கிட்ட சொன்னாங்க. அம்மா ஒரு நாளும் பேசுனதில்ல.”

சாகும் தறுவாயில் யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது திருச்சபைச் சட்டம். மருத்துவச்சியும் கொடுக்கலாம், அம்மாச்சியும் கொடுக்கலாம். ஆனால் வெள்ளைத் துணி வேண்டுமே. அம்மா எழுந்து அலமாரியைத் திறந்திருக்க வேண்டும்.

கல்யாண உடுப்புகளை நன்கொடையாக வாங்கி, பிறக்கும்போதே இறந்த குழந்தைகளுக்குச் சின்னச் சின்ன அங்கிகள் தைத்து மருத்துவமனைகளுக்குக் கொடுக்கிற தன்னார்வலர்கள் இன்று அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இருக்கிறார்கள். புதுமையான சேவை என்று எழுதுகிறார்கள். கிரிசம் துணி சுற்றிப் புதைத்த ஊர்களுக்கு அது புதுசு இல்லை. அம்மாவுக்கும் புதுசு இல்லை.

அதற்கு மேல் நான் என்ன வாதாடுவது? முழுசாகக் காப்பாற்றுகிறேன் என்று நான் மல்லுக்கட்டிய சேலை, நான் பிறப்பதற்கு முன்பே முழுசாக இல்லை.

தையல்கார அக்கா மடிப்புகளுக்கு நடுவில் நல்லபடி நின்ற பட்டைகளை மட்டும் எடுத்துக்கொண்டார். உள்ளே மெல்லிய பருத்தித் துணி கொடுத்தார், பட்டு தாங்கவும் பிள்ளைக்கு உறுத்தாமலிருக்கவும். ஜரிகைக் கரையை உடம்பில் படாதபடி கீழ் ஓரத்துக்கு இறக்கினார். கறுப்பைத் தேய்த்து எடுக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றாள் அக்கா. அம்மா கையால் ஓரமடித்த விளிம்பை மட்டும் வெட்டாமல், அங்கியின் கீழ்விளிம்பில் அப்படியே வைத்துத் தைக்கச் சொன்னோம்.

தண்ணீர் ஊற்றும்போது பிள்ளை வீறிட்டு அழுதது. எண்ணெய் பூசி, வெள்ளை ஆடை சடங்குக்கு வந்தபோது பாதிரியார் துணியைத் தொட்டுப் பார்த்து, “பழசா இருக்கே?” என்று சிரித்தார். “ஆமா ஃபாதர், அம்மாவோடது” என்றாள் அக்கா. மற்றதை அவள் சொல்லவில்லை.

மிச்சச் சேலை இப்போது என்னிடம் இருக்கிறது. பிளாஸ்டிக்கை எறிந்துவிட்டு, துவைத்த வேட்டியில் சுற்றி வைத்திருக்கிறேன். வருசத்துக்கு ஒருமுறை மாற்றி மடிக்க வேண்டும். அக்கா மகள் அடுத்ததும் வரலாம் என்று சொல்லியிருக்கிறாள்.