நாய்க் கழிவை எடுக்காமல் விட்டால் என்ன ஆகும்? சங்கரன்கோவிலில் முதல் மழைக்கு முன் கவனிக்க வேண்டியவை

காலையில் நாயை ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போகிறவர்கள் பெரும்பாலும் தேடுவது ஓடைக்கரை, குளத்தங்கரை, இல்லாவிட்டால் காலி மனை. நாய் 'வெளிக்கு' இருந்ததும் வேலை முடிந்தது. "மண்ணோட மண்ணா போயிடும்ல" என்பதுதான் பதில். சங்கரன்கோவில் மாதிரி மழை குறைந்த ஊரில் அது மண்ணோடு போவதற்கு முன்பே தண்ணீரோடு குளத்துக்குப் போய்விடுகிறது என்பதுதான் சிக்கல்.

முதல் மழையில் என்ன நடக்கிறது?

குற்றாலத்தில் சாரல் கொட்டும் நாட்களிலும் சங்கரன்கோவிலில் பெரும்பாலும் காற்றுதான். இங்கே நம்பி இருக்கும் மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை. அதுவரை தெருவில் விழுந்த கழிவு காய்ந்து, தூளாகி, அங்கேயே கிடக்கும். வெயிலில் பாக்டீரியாக்கள் குறையலாம். ஆனால் குடற்புழு முட்டைகள் எல்லாம் செத்துவிடாது. சில வகை முட்டைகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் தாங்கும்.

பல மாதம் சேர்ந்ததை முதல் பெருமழை ஒரே நாளில் வாறுகாலுக்குள் தள்ளும். வாறுகால் தண்ணீர் ஓடைக்கும், ஓடை குளத்துக்கும் போகும். இந்தத் தாலுகாவில் ஓடும் நிட்சேப நதி வைப்பாற்றில் சேர்கிறது. வைப்பாறு மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. அவ்வளவு தூரம் போக வேண்டாம், நம் குளத்தோடு நிறுத்திக்கொள்வோம். ஆடு மாடு குடிப்பதும், பிள்ளைகள் குதித்து விளையாடுவதும், பக்கத்துக் கிணறுகளுக்கு ஊற்று கொடுப்பதும் அந்தத் தண்ணீர்தான்.

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயப்படி 100 மில்லி தண்ணீரில் ஒரு இ-கோலை பாக்டீரியாகூட இருக்கக் கூடாது. ஒரு கிராம் நாய்க் கழிவில் குடல் பாக்டீரியாக்கள் கோடிக்கணக்கில் இருக்கும்.

சாணி உரம்தானே, இது மட்டும் ஏன் ஆகாது?

நியாயமான கேள்வி. மாடு தின்பது புல்லும் வைக்கோலும். நாய் தின்பது இறைச்சி, முட்டை, நம் வீட்டுச் சோறு. மனிதரையும் பாதிக்கக்கூடிய புழுக்களும் கிருமிகளும் அதன் குடலில் இருக்க வாய்ப்பு அதிகம். அவற்றை அழிக்க உரக்குழியின் சூடு 55 டிகிரிக்கு மேல் ஏறி, சில நாட்கள் அப்படியே நிற்க வேண்டும். வீட்டுத் தொட்டியில் அது நடப்பது அபூர்வம். கத்தரி, கீரைப் பாத்திக்கு இதைப் போடவே கூடாது.

எந்த நோய் வரும், எது வராது?

முதலில் ஒரு பயத்தை விலக்கிவிடலாம்: நாயின் கழிவைத் தொடுவதால் ரேபிஸ் வராது. அது கடி மூலமாகவும், எச்சில் காயத்தில் படுவதாலும் வருவது.

கவலைப்பட வேண்டியது புழுக்களைப் பற்றித்தான். நாயின் கொக்கிப்புழு ஈரமான மணலில் குஞ்சு பொரித்து, வெறுங்காலின் தோல் வழியாகவே உள்ளே நுழையும். காலில் கோடு கோடாகத் தடித்து அரிப்பது இதன் அடையாளம். ஆடித்தபசுக்கு வெளியூர்க்காரர்கள் வெறுங்காலோடு வந்து கூடும் ஊர் இது என்பதை நினைவில் வைப்பது நல்லது.

இன்னொன்று நாயின் உருண்டைப்புழு. மண்ணில் விளையாடிய கையை வாயில் வைக்கும் குழந்தைகளுக்குத்தான் ஆபத்து அதிகம். அரிதாகக் கண்பார்வையையே பாதிக்கும். ஆனால் இந்த முட்டை வெளியே வந்தவுடன் தொற்றாது. அதற்கு 2 முதல் 4 வாரம் ஆகும். அதனால்தான் அன்றன்றைக்கு அள்ளிவிடுவது உண்மையிலேயே பலன் தருகிறது.

பூனை வளர்ப்பவர்களுக்குக் கெடு இன்னும் குறைவு. பூனைக் கழிவில் வரும் டாக்சோபிளாஸ்மா கிருமி 1 முதல் 5 நாளில் தொற்றும் நிலைக்கு வந்துவிடும். மணல் தட்டைத் தினமும் சுத்தம் செய்ய வேண்டும், அந்த வேலையைக் கர்ப்பிணிகளிடம் விடக் கூடாது.

எடுத்ததை எங்கே போடுவது?

கூட்டிட்டுப் போகும்போது பழைய நியூஸ்பேப்பர் இரண்டு தாள் போதும். கேரி பேக் வேண்டாம். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. கழிவைப் பையில் கட்டி ஓடையில் வீசுவது சும்மா விடுவதைவிட மோசம்.

வீட்டுக் கழிப்பறை செப்டிக் டேங்கோடு இணைந்திருந்தால், பேப்பரை விலக்கிவிட்டுக் கழிவை மட்டும் அதில் போட்டுத் தண்ணீர் ஊற்றலாம். நாய்க்கு மட்டும்தான் இந்த வழி, பூனை மணலுக்கு இல்லை. கழிப்பறைக் குழாய் நேராக வாறுகாலில் விடப்பட்டிருந்தால் இதில் பிரயோஜனமே கிடையாது.

கொல்லையில் இடம் இருந்தால் ஒரு அடிக்குக் குறையாத குழி வெட்டி, ஒவ்வொரு முறையும் மண் போட்டு மூடலாம். கிணறு, போர்வெல்லில் இருந்து 50 அடியாவது தள்ளி இருக்கட்டும். காய்கறிப் பாத்தி பக்கம் வேண்டாம்.

இரண்டும் முடியாதவர்கள் பேப்பரில் நன்றாகச் சுற்றி, டயப்பர் மாதிரி தனியாக, இன்னது என்று சொல்லித் தூய்மைப் பணியாளரிடம் கொடுக்க வேண்டும். காய்கறித் தோலோடு கலந்து மறைத்துக் கொடுத்தால் அதைக் கையால் பிரிக்கப் போவது அவர்தான். வாசலை ஹோஸ் போட்டுக் கழுவி வாறுகாலில் தள்ளுவது சுத்தம் மாதிரி தெரியும், ஆனால் மழை செய்கிற வேலையை நாமே செய்துவிடுகிறோம்.

சட்டமும் இருக்கிறது. 2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளே, வீட்டில் உருவாகும் கழிவைத் தெருவிலோ வாறுகாலிலோ நீர்நிலையிலோ போடக் கூடாது என்றன. தெருவில் நாய் அசுத்தம் செய்தால் வளர்ப்பவர் சுத்தம் செய்ய வேண்டும் என்று இந்திய விலங்குகள் நல வாரியமும் அறிவுறுத்தியுள்ளது.

"தெருநாய் இவ்வளவு இருக்கே, நான் மட்டும் அள்ளி என்ன ஆகப்போகுது?"

தெருநாய்க்குக் கருத்தடை, தடுப்பூசியோடு புழு நீக்கமும் செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22-ல் உத்தரவிட்டது. அது உள்ளாட்சியின் பொறுப்பு. வீட்டு நாய்க்கு அந்த மாத்திரையை வாங்கிக் கொடுப்பது வளர்ப்பவர் பொறுப்பு. ராஜபாளையம் நாய் 2005-ல் தபால் தலையிலேயே இடம்பிடித்தது. அந்த ஊருக்குப் பக்கத்தில் இருப்பதால் இங்கே குட்டி வாங்குவது சுலபம். வாங்கும்போது புழு மருந்தைக் கேட்பவர்கள் குறைவு. குட்டிகள் பிறக்கும்போதே தாயிடமிருந்து உருண்டைப்புழுவோடு வரலாம். அதனால் 2 வாரத்தில் ஆரம்பித்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சில தவணைகள் கொடுக்க வேண்டும். பெரிய நாய்க்குப் பொதுவாக 3 மாதத்துக்கு ஒருமுறை. அளவு எடையைப் பொறுத்தது என்பதால், கால்நடை மருத்துவமனையில் நாயை நிறுத்தி எடை பார்த்தே வாங்குங்கள்.