கர்ப்போட்டம்

கர்ப்போட்டம் என்பது மார்கழியில் சூரியன் பூராட நட்சத்திரத்தைக் கடக்கும் சுமார் 13 நாட்களின் மேகப்போக்கைக் கொண்டு, வரும் ஆண்டின் மழையைக் கணிக்கும் வழக்கம். டிசம்பர் கடைசியில் தொடங்கி ஜனவரி இரண்டாம் வாரம்வரை நீளும். நாள் குறிப்பது பஞ்சாங்கம். வானம் பார்ப்பது சம்சாரி (உழவர்). சாதகக் கட்டம் இல்லாதவரும் கையாண்ட சோதிடம் இது.

கருமேகம் திரண்டு ஓடினால் வானம் கருக்கொண்டதாகக் கொள்வர். இலேசான தூறல் நல்ல குறி; கனமழை கொட்டினால் கரு கலைந்தது என்பர். ஓட்ட நாட்களைப் பகுத்து, பின்வரும் மழைக்காலங்களுக்கு ஈடாக வைத்து எண்ணுவதுண்டு.

மேகக் கருக்கோட்பாடு பழமையானது. வராகமிகிரரின் பிருகத் சம்கிதை (6ஆம் நூற்றாண்டு) கருக்கொண்ட 195ஆம் நாளில் மழை பிறக்கும் என்கிறது. அக்கணக்கு ஆனிக் கடைசி, ஆடித் தொடக்கத்தில் முடியும். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டார மானாவாரிக் கரிசலுக்கோ ஐப்பசி, கார்த்திகை மழையே உயிர். ஆகவே நூற்கணக்கு இங்கே அப்படியே பொருந்தாது.

சித்திரை முதல் நாளில் பஞ்சாங்கம் படிக்கக் கேட்பது இதற்கு இணையான வழக்கம். அதில் ஆண்டின் மழை மரக்கால் கணக்கில் சொல்லப்படும்.