பைத்தான் 2-இலிருந்து 3-க்கு மாறுதல்

பைத்தான் நிரல்மொழியின் இரண்டாம் வரிசையில் எழுதப்பட்ட மென்பொருள்கள் மூன்றாம் வரிசைக்கு நகர 2008 முதல் 2020 வரை பிடித்தது. பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளை எப்போது புதிய தளத்துக்கு மாற்றுவது என்ற கேள்விக்கு மிக நன்றாகப் பதிவான சான்றுகளில் இதுவும் ஒன்று.

மொழியை உருவாக்கிய கைடோ வான் ராசம், பழைய குறைகளைக் களைய வேண்டி, பழைய நிரல்கள் அப்படியே ஓடும் என்ற உறுதியைக் கைவிடத் துணிந்தார். 3.0 பதிப்பு 2008 டிசம்பர் 3 அன்று வெளிவந்தது. முழு எண் வகுத்தலில் 3/2 அதுவரை 1, புதியதில் 1.5. பிரிண்ட் கட்டளைக்கு அடைப்புக்குறி கட்டாயமானது. இவை எளிதில் திருத்தக்கூடியவை. உண்மையான சிக்கல் எழுத்துச் சரங்களில் இருந்தது. பழைய பதிப்பில் சாதாரணச் சரம் என்பது வெறும் பைட்டுகளின் வரிசை. யூடிஎஃப்-8 கோப்பில் ‘தமிழ்’ என்று எழுதி நீளம் கேட்டால் 15 என்று வரும். பைத்தான் 3 த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று 5 யூனிகோடு குறிகளை எண்ணும். ஆங்கிலம் மட்டுமே புழங்கிய நிரல்களில் இந்தக் கோளாறு ஆண்டுக்கணக்கில் மறைந்துகிடந்து, வேறு மொழிப் பெயர் ஒன்று உள்ளே வந்ததும் பிழையாக வெளிப்பட்டது. ஆகவே இந்த மாற்றம் தவிர்க்க முடியாதது.

‘2டு3’ என்ற கருவி பிரிண்ட் வரிகளைத் தானாகவே திருத்தியது. ஆனால் எந்தச் சரம் உரை, எது பைட்டு என்று நிரலை அறிந்தவரே சொல்ல முடியும். நூலகங்களைப் பராமரித்தவர்கள் பழைய பயனர்களைக் கைவிட முடியாததால், ஒரே நிரல் இரண்டிலும் ஓட வேண்டியிருந்தது. ‘சிக்ஸ்’ நூலகம் அதற்குக் கைகொடுத்தது. 2012-இல் வந்த 3.3 பதிப்பு, யூனிகோடு சரத்துக்கான பழைய ‘யு’ முன்னொட்டை மீண்டும் ஏற்றதும் வேலை வெகுவாகக் குறைந்தது. தேவையான நூலகங்கள் தயாராகும்வரை காத்திருந்தவர்கள் செய்தது சரியே. தயாரான பிறகும் தள்ளிப்போட்டதுதான் தவறு. பைத்தான் 2-க்கு 2015 என்றிருந்த ஆதரவுக் கெடுவை 2014-இல் 2020-க்கு நீட்டித்தது அந்தத் தாமதத்தை வளர்த்தது.

இன்ஸ்டகிராம் புதிய வசதிகள் சேர்ப்பதை நிறுத்தாமலே சுமார் பத்து மாதங்களில் மாறி முடித்ததை 2017-இல் அறிவித்தது. அவ்வாண்டு டிசம்பரில் வந்த ஜாங்கோ 2.0 என்ற வலைச் சட்டகப் பதிப்பு பைத்தான் 2-ஐக் கைவிட்டது. 2019-இல் எண் கணிப்பு நூலகமான நம்பையின் 1.17 பதிப்பும் அவ்வாறே செய்தது. கெடு 2020 என்று நம்பியிருந்தவர்களுக்கு, சார்ந்திருந்த நூலகங்களின் புதிய பதிப்புகள் அதற்கு முன்பே கிடைக்காமல் போயின. கடைசிப் பதிப்பான 2.7.18 ஏப்ரல் 2020-இல் வந்தது. பைத்தான் 2 நிரல்கள் சில நிறுவனங்களில் இன்னும் ஓடுகின்றன.