பறக்கும் இல்லத்தரசி

எங்கள் அக்காவுக்கு இரண்டு குழந்தைகள். பெரியவன் யு.கே.ஜி., சின்னவள் இன்னும் தத்தக்கா பித்தக்கா நடைதான். கல்லூரியில் படித்தபோது மாவட்ட அளவில் 400 மீட்டர் ஓடியவள் அக்கா. போன மாதம் பழைய ஷூவைத் தூசு தட்டி எடுத்து, விடியற்காலையில் பக்கத்துப் பள்ளி மைதானத்துக்குப் போக ஆரம்பித்தாள். மூன்றாம் நாளே வீட்டில் பிரச்னை. "பிள்ளை எழுந்து அழுவுது. காலங்காத்தால உனக்கு என்னடி ஓட்டம் வேண்டிக் கிடக்கு?" என்றார் அம்மா. மாமா எதுவும் சொல்லவில்லை. அவர் தினமும் சாயங்காலம் ஷட்டில் ஆடப் போகிறவர். அவரிடம் இந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை என்பதை இங்கே பதிவு செய்து விடுகிறேன்.

இந்தச் சண்டையில் நடுவர் வேலை பார்க்கப் போன எனக்கு ஒருவர் ஞாபகம் வந்தார். இதே கேள்வியை 1948ல் ஒரு நாட்டில் பலபேர் கடிதம் போட்டே கேட்டார்கள், அவரிடம்.

அவர் பெயர் ஃபேனி பிளாங்கர்ஸ்-கோயன். நெதர்லாந்துக்காரர். (கடைசிப் பகுதியை டச்சுக்காரர்கள் 'கூன்' என்றுதான் உச்சரிப்பார்கள். நம் மொழியில் அதற்கு வேறு அர்த்தம் இருப்பதால் கோயன் என்றே வைத்துக்கொள்வோம். முதுகு நிமிர்ந்து ஓடிய பெண்மணி அவர்!)

1918 ஏப்ரல் 26ல் பிறந்தார். அப்பா குண்டு எறிதலிலும் வட்டு எறிதலிலும் ஈடுபட்டவர். ஐந்து சகோதரர்கள். ஃபேனிக்கு நீச்சல், டென்னிஸ் எல்லாம் வரும். "நீச்சலில் ஏற்கெனவே நம் நாட்டில் நல்ல ஆட்கள் நிறைய இருக்கிறார்கள், நீ தடகளத்துக்குப் போ" என்று ஒரு நீச்சல் பயிற்சியாளர் யோசனை சொல்ல, 1935ல் ஓட்டப் பாதைக்கு வந்தார். அவருக்கு முதலில் வெற்றி தேடித் தந்தது 800 மீட்டர். அங்கேதான் ஒரு சிக்கல்.

1928ல் அவருடைய நாட்டில், ஆம்ஸ்டர்டாமில்தான் ஒலிம்பிக்ஸ் நடந்தது. பெண்களுக்குத் தடகளப் போட்டிகள் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டதும் அந்த வருடம்தான். 800 மீட்டர் ஓடி முடித்த சில பெண்கள் களைத்துப்போய் தரையில் படுத்தார்கள். 800 ஓடினால் ஆண்களும்தான் படுப்பார்கள். ஆனால் பத்திரிகைகள் இதை ஊதிப் பெரிதாக்கி எழுதின. பெண் உடம்பு இதைத் தாங்காது என்று தீர்ப்பு எழுதி அந்தப் போட்டியையே தூக்கிவிட்டார்கள். மறுபடி அது ஒலிம்பிக்ஸுக்கு வந்தது 1960ல்! அதாவது ஃபேனி முதலில் ஜெயித்த போட்டி, அவர் ஓடிய காலம் முழுவதும் ஒலிம்பிக்ஸில் இல்லவே இல்லை. அதனால் குறுகிய ஓட்டங்களுக்கும் தாண்டுதலுக்கும் மாறினார்.

மாற்றிவிட்டவர் பயிற்சியாளர் யான் பிளாங்கர்ஸ். அவரே 1928ல் மும்முறை தாண்டுதலில் கலந்துகொண்டவர், பத்திரிகையாளரும்கூட. இதில் வேடிக்கை என்னவென்றால், பெண்கள் போட்டிகளில் இறங்கவே கூடாது என்ற கருத்து கொண்டிருந்தவர் அவர். ஃபேனியின் ஓட்டத்தைப் பார்த்ததும் கருத்து மாறியது. பிறகு அவரையே கல்யாணமும் செய்துகொண்டார் :-) அது 1940 ஆகஸ்டில். மணமகன் மணமகளை விட 14 வயது மூத்தவர்.

அதற்குள் 1936 பெர்லின் ஒலிம்பிக்ஸ் வந்து போயிருந்தது. 18 வயது ஃபேனிக்குப் பதக்கம் இல்லை. தொடர் ஓட்டத்தில் ஐந்தாம் இடம். ஆனால் அங்கே ஜெஸ்ஸி ஓவன்ஸிடம் ஒரு கையெழுத்து வாங்கினார். அதைக் கடைசிவரை பத்திரமாக வைத்திருந்தார். அந்தக் கையெழுத்துக்குப் பிறகு வருகிறேன்.

1940 மே மாதம் ஜெர்மன் படை நெதர்லாந்தைப் பிடித்தது. 1940 ஒலிம்பிக்ஸ் ரத்து, 1944ம் ரத்து. ஒரு ஓட்டக்காரியின் 22 வயதும் 26 வயதும் அப்படியே போயின. அந்த இடைவெளியில்தான் முதல் குழந்தை பிறந்தது, பையன். பத்திரிகைகள் "சரி, இவர் கதை முடிந்தது" என்றே நினைத்தன. திட்டி எழுதவில்லை, வருத்தப்படவும் இல்லை. தாயான பெண் ஓடுவாள் என்பது யாருக்கும் தோன்றவே இல்லை, அவ்வளவுதான். பிரசவமாகி சில வாரங்களில் ஃபேனி மைதானத்தில் இருந்தார்.

அடுத்து நடந்ததைப் பாருங்கள். 1943 மே மாதம் உயரம் தாண்டுதலில் 1.71 மீட்டர். பழைய உலக சாதனை 1.66. ஒரே தாண்டலில் ஐந்து சென்டிமீட்டர் கூட! அதே வருடம் செப்டம்பரில் நீளம் தாண்டுதலில் 6.25 மீட்டர். அது 1954 வரை அசையவில்லை. 1944ல் 100 கஜ ஓட்டத்திலும் சாதனை. எல்லாம் ஆக்கிரமிக்கப்பட்ட நாட்டில், ரேஷன் சாப்பாட்டில், இடுப்பில் ஒரு குழந்தையோடு. 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் பஞ்சமே வந்தது. மக்கள் துலிப் கிழங்கைத் தின்றார்கள். ஏறத்தாழ 20,000 பேர் செத்தார்கள். அந்தக் காலத்தில் ஒரு தாய்க்கு உடற்பயிற்சி ஒரு பொருட்டா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். பதில் தெரியவில்லை. ஆனால் போர் முடிந்ததும் அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார் என்பது தெரியும்.

அடுத்து ஒரு மகள் பிறந்தாள். 1946ல் ஓஸ்லோவில் ஐரோப்பியப் போட்டிகள் நடந்தபோது மகள் சின்னக் குழந்தை. உயரம் தாண்டுதல் இறுதிப் போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே 100 மீட்டர் அரையிறுதியும் வைத்துவிட்டார்கள். இங்கிருந்து அங்கே ஓடி, அரையிறுதியில் விழுந்து, அடிபட்ட காலோடு திரும்பி வந்து தாண்டி, நான்காம் இடம். மறுநாள் 80 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்திலும் தொடர் ஓட்டத்திலும் தங்கம்.

எப்படித்தான் பயிற்சி செய்தார்? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். வாரத்துக்கு இரண்டு நாள், ஒவ்வொரு நாளும் இரண்டு மணி நேரம். அவ்வளவே! குழந்தைகளையும் மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போவார். நீளம் தாண்டும் மணல் குழி இருக்கிறதல்லவா, பிள்ளைகள் அதில் விளையாடிக்கொண்டிருக்கும். அம்மா பக்கத்தில் ஓடிக்கொண்டிருப்பார். பயிற்சியாளர் யார்? பிள்ளைகளின் அப்பா.

இதை வைத்துக்கொண்டு "மனம் இருந்தால் போதும், யாரும் உலக சாதனை செய்யலாம்" என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பத்து வருடம் ஓடிப் பழகிய உடம்பு அது. வீட்டிலேயே பயிற்சியாளர். குழந்தையோடு உள்ளே வராதே என்று விரட்டாத மைதானம். இந்த மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் அந்த நான்கு மணி நேரம் நான்கு நிமிடமாகியிருக்கும்.

1948. லண்டன் ஒலிம்பிக்ஸ், வெம்ப்ளி மைதானம். ஃபேனிக்கு 30 வயது, இரண்டு குழந்தைக்குத் தாய். பிரிட்டிஷ் அணியின் மேலாளர் ஜாக் கிரம்ப், இவருக்கு வயதாகிவிட்டது என்று சொன்னார். உள்நாட்டிலிருந்து வசைக் கடிதங்கள். வீட்டில் இருந்து பிள்ளைகளைப் பார், அரைக்கால் சட்டையோடு ஊர் பார்க்க ஓடாதே என்று. பல வருடம் கழித்து ஒரு பேட்டியில் அவர் இதற்குச் சொன்ன பதில் நம் வீட்டுப் பெண்கள் சொல்வது போலவே இருக்கும்: நான் நல்ல தாய்தான், வீட்டு வேலையும் பயிற்சியும் தவிர வேறெதற்கும் எனக்கு நேரமில்லை, கடைக்குப் போனால்கூட வீட்டுக்குச் சாப்பாட்டுச் சாமான் வாங்கத்தான், உடுப்பு வாங்க அல்ல என்றார். நான்கு தங்கம் வாங்கிய பிறகும் தன் கடைக் கணக்கை ஒப்படைக்க வேண்டியிருக்கிறது பாருங்கள்.

இன்னொன்று. யானும் அதே குழந்தைகளை விட்டுவிட்டுத்தான் லண்டனில் இருந்தார். அவருக்கு அப்படி ஒரு கடிதம் வந்ததாக நான் எங்கும் படிக்கவில்லை.

அப்போதைய விதிப்படி ஒரு பெண் மூன்று தனிநபர் தடகளப் போட்டிகளில்தான் கலந்துகொள்ளலாம். ஃபேனி உயரம், நீளம் இரண்டையும் விட்டுவிட்டார், இரண்டிலும் உலக சாதனை கையில் இருந்தும்! அந்த வருடம் நீளம் தாண்டுதலில் தங்கம் வாங்கிய ஹங்கேரிப் பெண் தாண்டியது 5.69 மீட்டர்தான். கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். உயரத்தில் 1.68 தாண்டித் தங்கம் வென்றார் அமெரிக்காவின் ஆலிஸ் கோச்மன். ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் கறுப்பினப் பெண் அவர்தான். அது தனிப் பதிவாக எழுத வேண்டிய கதை.

ஆகஸ்ட் 2. மழையில் சேறான பாதையில் 100 மீட்டர், 11.9 வினாடி, தங்கம். ஆகஸ்ட் 4. 80 மீட்டர் தடை ஓட்டம். எதிரில் 19 வயது மோரீன் கார்ட்னர், பிரிட்டிஷ் பெண், பாலே நடன ஆசிரியை. ஃபேனியின் புறப்பாடு சொதப்பல். விரட்டிப் பிடித்தார். இருவருக்கும் 11.2 வினாடி. முடிவுக்காகக் காத்திருக்கும்போது பிரிட்டிஷ் தேசிய கீதம் ஒலித்தது. போச்சு, அவள்தான் ஜெயித்தாள் என்று ஃபேனி நினைத்துவிட்டார். பார்த்தால், அரச குடும்பம் மைதானத்துக்குள் நுழைந்ததற்காக வாசித்த கீதமாம்! புகைப்படம் ஃபேனிக்குத் தங்கம் என்றது.

இரண்டு தங்கம் வாங்கியவர் சந்தோஷமாக இருந்திருப்பார் என்றுதானே நினைப்பீர்கள்? 200 மீட்டர் அரையிறுதிக்கு முன் அறையில் உட்கார்ந்து அழுதார். குழந்தைகளைப் பார்க்க வேண்டும், வீட்டுக்குப் போகிறேன், ஓட மாட்டேன் என்றார். யான் வெகுநேரம் பேசினார். ஃபேனி நன்றாக அழுது தீர்த்தார். பிறகு போய் ஓடினார். மறுநாள் இறுதிப் போட்டியில் 24.4 வினாடி. இரண்டாவதாக வந்தவர் 0.7 வினாடி பின்னால். 200 மீட்டரில் அது ஒரு யுகம்.

கடைசி நாள் தொடர் ஓட்டம். அன்று மழைக்கோட்டு வாங்கக் கடைக்குப் போனவர் ஓட்டத்தையே தவறவிடப் பார்த்தார். (உடுப்பு வாங்குவதில்லை என்றாரே என்று கேட்காதீர்கள். மழைக்கோட்டு உடுப்பில் சேராது.) கடைசிச் சுற்றில் கோல் கைக்கு வரும்போது அவர் அணி பின்தங்கி இருந்தது. ஆஸ்திரேலியப் பெண்ணைக் கோட்டருகே பிடித்தார். 47.5 வினாடி. ஆஸ்திரேலியா 47.6. பெண்களுக்கு இருந்த ஒன்பது தடகளப் போட்டிகளில் நான்கு தங்கம் ஒரே ஆளிடம்.

பத்திரிகைகள் 'பறக்கும் இல்லத்தரசி' என்று பட்டம் கொடுத்தன. நன்றாகச் சமைப்பாராம், சாக்ஸ் பின்னுவாராம் என்றெல்லாம் எழுதின. பாராட்டுதான், மறுக்கவில்லை. ஆனால் உலகத்திலேயே வேகமான பெண்ணைக் கையோடு அடுப்படியில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டு, பிறகு கைதட்டிய மாதிரி இருக்கிறது. ஆம்ஸ்டர்டாமில் குதிரை வண்டியில் ஊர்வலம் போனார். வேகமாக ஓடியதற்கு எதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று ஆச்சரியப்பட்டார். இனி கொஞ்சம் நிதானமாக ஊர் சுற்றட்டும் என்று அக்கம்பக்கத்தார் ஒரு சைக்கிள் பரிசு கொடுத்தார்கள்.

இங்கே ஒரு சட்ட விஷயம். அப்போதைய டச்சுச் சட்டப்படி திருமணமான பெண், கணவன் சம்மதம் இல்லாமல் தானாக ஒப்பந்தம் செய்துகொள்ள முடியாது. சட்டத்தின் கண்ணில் அவளும் மைனர் போலத்தான். அதை நீக்கியது 1956ல். ஃபேனி ஓட்டத்திலிருந்து ஓய்வு பெற்றது 1955ல். வாரம் இரண்டு முறை பிள்ளைகளோடு மைதானத்துக்குப் போன அந்தக் காலம் முழுக்க, கணவர் முகம் சுளித்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். யான் நல்லவராக அமைந்தார். 'அமைந்தார்' என்ற சொல்லைத்தான் நான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன்.

வீட்டுக்குள்ளும் எல்லாம் தேனும் பாலுமாக இருக்கவில்லை என்று 2003ல் வந்த வாழ்க்கை வரலாற்று நூல் ஒன்று காட்டியது. ஜெயித்தே ஆகவேண்டும் என்ற வெறி உள்ளவர், பாசத்தை வெளியே காட்டத் தெரியாதவர் என்று. இருக்கலாம். அவரைச் சாமியாக்க எனக்கு ஆசையில்லை. ஆனால் அதே குணமுள்ள அப்பாக்கள் எத்தனை பேர் நம் வரலாற்றுப் புத்தகங்களில் வெறும் 'மாவீரர்'களாக இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸில்தான் முதன்முறையாக வீரர்கள் கிராமத்தில் குழந்தைகளுக்கென்று ஒரு இடம் வைத்தார்கள். அதற்காகப் பாடுபட்டவர்களில் ஒருவர், குழந்தை பெற்ற பிறகும் தங்கம் வென்ற அமெரிக்க ஓட்டக்காரர் ஆலிசன் ஃபீலிக்ஸ். ஃபேனி அறையில் உட்கார்ந்து அழுது 76 வருடம் ஆகியிருந்தது.

கையெழுத்துக்கு வருகிறேன் என்றேனே. 1972ல் மியூனிக்கில் ஃபேனி மறுபடியும் ஜெஸ்ஸி ஓவன்ஸைச் சந்தித்தார். உங்கள் கையெழுத்து இன்னும் என்னிடம் இருக்கிறது என்று தன்னை அறிமுகம் செய்துகொள்ளப் போனார். நீங்கள் யார் என்று சொல்லவே வேண்டாம், உங்களைப் பற்றி எல்லாம் எனக்குத் தெரியும் என்றாராம் ஓவன்ஸ். 1999ல் உலகத் தடகளச் சங்கம் நூற்றாண்டின் சிறந்த வீராங்கனை என்று ஃபேனியை அறிவித்தபோதும், நானா ஜெயித்தேன் என்று கேட்டாராம். 2004 ஜனவரி 25ல், 85 வயதில் காலமானார்.

இதையெல்லாம் அக்காவிடம் ஒரு மணி நேரம் சொன்னேன். தங்கம், தேசிய கீதம், மழைக்கோட்டு எதுவும் அவள் காதில் ஏறவில்லை. "வாரத்துக்கு ரெண்டு நாள்தானா?" என்று மட்டும் கேட்டாள். இப்போது செவ்வாயும் சனியும் சாயங்காலம் போகிறாள், இரண்டையும் கூட்டிக்கொண்டு. செவ்வாய்க்கிழமை மாமாவின் ஷட்டிலுக்கு விடுமுறை, கூடப் போய்ப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார். அம்மாவின் புகாரும் மாறிவிட்டது. சின்னவள் தலை முழுக்க மணலோடு வருகிறாளாம், யார் குளிப்பாட்டுவது என்று கேட்கிறார்.