காரின் பளபளப்பைக் கெடுக்கும் சுழல் கீறல்: போலிஷுக்கு முன் கவனிக்க வேண்டியது கழுவும் முறை

பகலில் பார்த்தால் கார் புதிதுபோல்தான் இருக்கும். இரவில் பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் சாப்பிட்டு முடித்து, தெருவிளக்கின் கீழ் நிறுத்திய காரை நோக்கி நடந்து வரும்போது விஷயம் தெரியும். போனட்டில் விழுந்திருக்கும் விளக்கின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியதுபோல் நூற்றுக்கணக்கான மெல்லிய கோடுகள். கறுப்பு, கருநீலக் கார்களில் இன்னும் அதிகமாகத் தெரியும். தீபாவளிக்கு முன் ஒரு போலிஷ் போட்டால் சரியாகிவிடும் என்று உரிமையாளர் நினைப்பார். போடுவார், கோடுகளும் மறையும். இரண்டு மாதத்தில் அதே விளக்கின் கீழ் அதே வலை மறுபடியும் தெரியும்.

கார் பட்டறைகளில் இதற்கு 'ஸ்வெர்ல் மார்க்' என்று பெயர். தமிழில் சுழல் கீறல் எனலாம். பெயர்தான் சுழலே தவிர, இந்தக் கீறல்கள் எல்லாத் திசைகளிலும் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னக் கோடுகள். அவற்றில் ஒளிக்குக் குறுக்காக அமைந்தவை மட்டும் வெளிச்சத்தை நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்புவதால், விளக்கைச் சுற்றி வட்டம் போட்டதுபோல் தோன்றுகிறது. தலையை நகர்த்தினால் வட்டமும் கூடவே நகர்வதைக் காணலாம். பல ஆண்டுகள் தேய்த்துக் கழுவிய எவர்சில்வர் தட்டை விளக்கடியில் பிடித்தாலும் இதே வட்டம் தெரியும். இரண்டுக்கும் காரணம் தேய்ப்புதான்.

தலைமுடியை விட மெல்லிய அடுக்கு

இன்றைய கார்களின் தகட்டின் மேல் பல அடுக்குகள் உள்ளன. முதலில் துருப்பிடிக்காமல் காக்கும் பூச்சு, அதன்மேல் பிரைமர், பிறகு நிறம் தரும் சாயம், கடைசியாக நிறமே இல்லாத 'கிளியர் கோட்'. எல்லாம் சேர்ந்து பொதுவாக 100 முதல் 150 மைக்ரோன் வரை இருக்கும். ஒரு மைக்ரோன் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இதில் கிளியர் கோட் மட்டும் ஏறத்தாழ 35 முதல் 50 மைக்ரோன். மனிதத் தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரோன் என்று வைத்துக்கொண்டால், காரின் மொத்தப் பளபளப்பும் ஒரு முடியை விட மெல்லிய அடுக்கில் இருக்கிறது. சுழல் கீறல்கள் விழுவதும் அந்த அடுக்கில்தான்.

போலிஷ் செய்யும்போது கீறல் நிரப்பப்படுவதில்லை. கீறலின் அடி மட்டம் வரை சுற்றியுள்ள கிளியர் கோட் தேய்த்து எடுக்கப்படுகிறது. பள்ளத்தை மூடாமல் மேட்டைச் சீவி நிலத்தைச் சமப்படுத்துவது போன்ற வேலை இது. ஒவ்வொரு போலிஷுக்கும் ஒன்றிரண்டு மைக்ரோன் போகும். முரட்டுக் கம்பவுண்டும் அனுபவமில்லாத கையும் சேர்ந்தால் அதற்கு மேலும் போகும். போனது திரும்ப வளராது.

கிளியர் கோட் வெறும் அலங்காரம் என்று நினைத்துவிடக் கூடாது. வெயிலின் புற ஊதாக் கதிர்கள் சாயத்தைத் தாக்காமல் தடுப்பதும் அதுதான். அது மெலிந்துவிட்டால் முதலில் வெளுக்கும், பிறகு செதில் செதிலாக உரியும். கூரையும் போனட்டும் வெண்தேமல் படர்ந்ததுபோல் இருக்கும் பழைய கார்களைக் கூட்டரசு நெடுஞ்சாலையில் தினமும் பார்க்கலாம். அந்த நிலைக்குப் போய்விட்டால் எந்த மெழுகும் உதவாது, மறுபடியும் சாயம் பூச வேண்டியதுதான். அப்படிப் பூசினாலும் தொழிற்சாலைச் சாயத்துக்கு ஈடாவது கடினம். தொழிற்சாலையில் இருக்கை, கம்பிகள் எதுவும் பொருத்தாத வெறும் கூடாகக் கார் இருக்கும்போதே சுமார் 140 டிகிரி செல்சியஸ் சூட்டில் சாயத்தைச் சுடுகிறார்கள். முழுக் காரை அந்தச் சூட்டில் வைக்க முடியாது என்பதால் பட்டறைகளில் சுமார் 60 டிகிரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

ஒரு தலைமுறைக்கு முந்தைய பழக்கமும் இங்கே குறுக்கிடுகிறது. 1980-களுக்கு முன் பெரும்பாலான கார்களுக்குக் கிளியர் கோட் கிடையாது. நிறச் சாயமே மேல் அடுக்கு. வெயிலில் அது சுண்ணாம்புபோல் மங்கும். டின்னில் வரும் கம்பவுண்டை எடுத்துத் தேய்த்தால் துணியில் காரின் நிறம் ஒட்டிக்கொண்டு, அடியிலிருந்து புதுப் பளபளப்பு வரும். அப்பா, தாத்தா காலத்தில் அது சரியான வைத்தியம். இன்றைய காரில் அதே டின்னைத் திறந்து ஆண்டுக்கு இரண்டு முறை தேய்ப்பவர்கள் காரை வளர்ப்பதாக நினைத்துக்கொண்டு அதன் தோலை உரிக்கிறார்கள்.

கீறல் எங்கிருந்து வருகிறது?

சாலையில் ஓடுவதால் கீறல் விழுகிறது என்பது பலரின் எண்ணம். கல் தெறித்தால் புள்ளி விழும், உண்மைதான். ஆனால் சிலந்தி வலை, கார் நின்றுகொண்டிருக்கும்போது, பெரும்பாலும் அதைச் சுத்தம் செய்யும் நேரத்தில் விழுகிறது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் தூசிக்குப் பஞ்சமில்லை. துறைமுகத்துக்குப் போகும் கொள்கலன் லாரிகள், கட்டுமானத் தளங்களிலிருந்து சாலைக்கு வரும் மண், பிரேக்கிலிருந்தும் ரயில் தண்டவாளத்திலிருந்தும் பறக்கும் இரும்புத் துகள் என எல்லாம் கார்மேல் படிகின்றன. புகைமூட்டக் காலத்தில் சாம்பலும் சேரும். 2005 ஆகஸ்டு 11-ஆம் தேதி கிள்ளான் துறைமுகத்திலும் கோல சிலாங்கூரிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்ட நாள்களை அனுபவித்தவர்களுக்கு, காலையில் கண்ணாடிமேல் படிந்திருந்த அந்தச் சாம்பல் நினைவிருக்கும். சாலைத் தூசியில் கணிசமான பங்கு மணல், அதாவது குவார்ட்ஸ். மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் அதற்கு 7. கிளியர் கோட் அதன்முன் நிற்க முடியாது.

இந்தத் தூசி சும்மா படிந்திருக்கும் வரை காருக்கு ஒன்றும் ஆகாது. காலையில் வேலைக்குக் கிளம்புமுன் கோழி இறகுத் துடைப்பானை எடுத்து நான்கு தட்டுத் தட்டும்போது, அல்லது மழை விட்டதும் கைக்குக் கிடைத்த துணியால் ஒரு இழுப்பு இழுக்கும்போது, ஒவ்வொரு மணலும் ஓர் உளியாகிவிடுகிறது. அழுக்கான காரை அப்படியே விட்டிருந்தால் கீறலாவது விழுந்திருக்காது.

கார் கழுவும் கடைகளில் 'ஸ்னோ வாஷ்' என்று நுரை அடிப்பது நல்ல விஷயம். நுரை தூசியை ஊறவைத்து வழித்துக்கொண்டு இறங்கும். சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது. முந்தைய காரின் சேற்றைத் துடைத்த அதே பஞ்சு, ஒரே வாளித் தண்ணீர், சக்கரத்தைத் தேய்த்துவிட்டு அப்படியே கதவுக்கு ஏறும் கை. முடிவில் தண்ணீரை ஒற்ற வரும் ரப்பர் போன்ற 'சாமோய்' துணி தட்டையானது. மணல் ஒளிந்துகொள்ள அதில் இழையே இல்லாததால், எஞ்சிய மணல் துணிக்கும் சாயத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு கார் முழுக்கப் பயணம் செய்கிறது. ஊழியர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துக் கார்கள் வரிசையில் நிற்கும்போது ஒவ்வொன்றுக்கும் புதுத் தண்ணீர் பிடிக்கவா முடியும்? கறுப்புக் கார் வைத்திருப்பவர்கள் கடையில் நுரையும் தண்ணீரும் மட்டும் அடிக்கச் சொல்லி, துடைக்கும் வேலையைத் தங்கள் துணியால் தாங்களே செய்துகொள்ளலாம்.

வீட்டில் கழுவும்போது

இரண்டு வாளி போதும். ஒன்றில் கார் ஷாம்பு, மற்றொன்றில் வெறும் தண்ணீர். முதலில் தண்ணீர் பீய்ச்சித் தளர்ந்த மண்ணை இறக்கிவிட வேண்டும். பிறகு மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்புவில் நனைத்து, கூரையில் தொடங்கிக் கீழ்நோக்கி, அழுத்தாமல் நேர்க்கோட்டில் இழுக்க வேண்டும். ஒரு பகுதி முடிந்ததும் கையுறையை வெறும் தண்ணீர் வாளியில் அலசிய பிறகே மறுபடி ஷாம்புவில் நனைக்க வேண்டும். கழுவி முடித்ததும் அந்த வாளியின் அடியில் தங்கியிருக்கும் மண்ணைப் பார்த்தால் இந்த முறை ஏன் என்று புரியும். அந்த மண்தான் இத்தனை நாளும் போனட்டில் கோடு போட்டது. சக்கரங்களுக்குத் தனித் துணி, அதுவும் கடைசியில். துடைக்கும்போது பெரிய மைக்ரோஃபைபர் துண்டை விரித்துப் போட்டு ஒற்றி எடுக்கலாம்.

பாத்திரம் கழுவும் திரவம் காரைக் கீறாது. ஆனால் எண்ணெயைப் போக்கவே செய்யப்பட்டது என்பதால் மேலே இருக்கும் மெழுகையும் சேர்த்து வழித்துவிடும். நண்பகல் வெயிலில் கழுவினால் ஷாம்பு காய்ந்து கறை பிடிக்கும். நம் ஊர் வெயிலுக்குக் காலை அல்லது மாலைதான் சரி.

தண்ணீர் வராத நாள்களில் என்ன செய்வது என்பதும் இங்கே உண்மையான கேள்வி. 2020 செப்டம்பர் 3-ஆம் தேதி சிலாங்கூர் ஆற்றில் மாசு கலந்து 4 நீர் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டபோது, கிள்ளான் பள்ளத்தாக்கில் சுமார் 12 லட்சம் கணக்குதாரர்களுக்குத் தண்ணீர் தடைபட்டது. அத்தகைய நேரத்தில் அரை வாளித் தண்ணீரில் ஒரே துணியை நனைத்து முழுக் காரையும் துடைப்பதை விட, தூசியோடு விட்டுவிடுவது மேல். அலசத் தேவையில்லாத ஷாம்புகள் கடைகளில் கிடைக்கின்றன. ஒரு வாளித் தண்ணீரும் ஏழெட்டுத் துணிகளும் இருந்தால், ஒரு பகுதிக்கு ஒரு துணி என மாற்றி மாற்றித் துடைக்கலாம். அடுக்குமாடியில் குழாய் வசதி இல்லாமல் இருப்பவர்களுக்கும் இதுவே வழி. ஆனால் சேறு அப்பிய காருக்கு இது ஒத்துவராது.

கீறலை எடுப்பது எப்படி?

முதலில் நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். நகம் தட்டினால் அது ஆழக் கீறல், போலிஷால் முழுதும் போகாது. நகத்துக்குத் தெரியாமல் கண்ணுக்கு மட்டும் தெரிந்தால் அது சுழல் கீறல், எடுக்கலாம்.

காரைக் கழுவிய பின் கையை ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் விட்டுச் சாயத்தைத் தடவினால் சொரசொரப்பு தெரியும். ஒட்டிக்கொண்ட இரும்புத் துகளும் மரப் பிசினும் அவை. டீடெய்லிங் கடைகளில் 'கிளே' எனப்படும் களிமண் கட்டியை வழுக்கும் திரவத்தோடு தேய்த்து இவற்றை எடுக்கிறார்கள். இதைச் செய்யாமல் போலிஷ் போட்டால் அதே துகள் பஞ்சில் மாட்டிக்கொண்டு புதுக் கீறல் போடும்.

அடுத்தது இயந்திரம். ஒரே அச்சில் வேகமாகச் சுழலும் பழைய வகை, அனுபவசாலியின் கையில் நன்றாக வேலை செய்யும். தெரியாதவர் கையில் விளிம்புகளைச் சுட்டுவிடும், வெயிலில் மட்டும் தெரியும் பட்டை பட்டையான தடங்களையும் விட்டுப்போகும். சுழன்றுகொண்டே சற்று ஊசலாடவும் செய்யும் 'டி.ஏ. போலிஷர்' மெதுவானது, ஆனால் பாதுகாப்பானது. புதிதாகப் பழகுபவர்களுக்கு இதைத்தான் கொடுக்க வேண்டும். முதலில் ஓரிடத்தில் ஒரு சாண் அகலத்துக்கு, இருப்பதிலேயே மென்மையான பஞ்சையும் மெல்லிய போலிஷையும் போட்டுச் சோதிப்பது முறை. அதிலேயே கீறல் போய்விட்டால் கம்பவுண்டை எடுக்கவே வேண்டாம். நூற்றுக்கு நூறு கீறலையும் எடுக்கச் சொல்லி வற்புறுத்துவது வாடிக்கையாளர்கள் செய்யும் தவறு. தினமும் ஓடும் காருக்கு முக்கால்வாசி போனாலே போதும். எஞ்சியவை ஆழமானவை, அவற்றைத் துரத்தினால் கிளியர் கோட்தான் நட்டம்.

நல்ல கடைகளில் சாயத்தின் தடிமனை அளக்கும் கருவி இருக்கும். போலிஷுக்கு முன்னும் பின்னும் அளந்து காட்டச் சொல்லலாம். பழைய கார் வாங்குபவர்களுக்கும் அது உதவும். மற்றக் கதவுகளில் 120 காட்டி ஒரு கதவில் மட்டும் 300 காட்டினால், அந்தக் கதவு மறுபடி சாயம் பூசப்பட்டது என்று அர்த்தம். பிளாஸ்டிக் பம்பரில் சாதாரணக் கருவி வேலை செய்யாது.

பணம் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. மலிவான போலிஷ் பலவற்றில் எண்ணெயும் நிரப்பியும் கலந்திருக்கும். அவை கீறலை எடுக்காமல் அதற்குள் உட்கார்ந்து மறைக்கும். கடையை விட்டு வரும்போது கார் கண்ணாடிபோல் இருக்கும், நான்கைந்து கழுவலில் நிரப்பி கரைந்து பழைய வலை தெரியும். தீபாவளிப் போலிஷ் இரண்டு மாதத்தில் 'திரும்பி வந்த' கதை பெரும்பாலும் இதுதான். ஓரிடத்தில் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்து துடைக்கச் சொல்லி, கைபேசி விளக்கை அடித்துப் பார்த்தால் போதும். எடுக்கப்பட்டதா மறைக்கப்பட்டதா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

மெழுகும் கோட்டிங்கும்

கீறல் எடுத்த சாயத்தை வெறுமனே விடக் கூடாது. பிரேசில் நாட்டுப் பனை வகை ஒன்றின் இலையிலிருந்து வரும் கார்னாபா மெழுகு இதமான பளபளப்பு தரும். ஆனால் நம் வெயிலுக்கும் மழைக்கும் சில வாரங்கள் தாங்கினால் அதிகம். செயற்கை சீலண்ட் சில மாதங்கள் இருக்கும். செராமிக் கோட்டிங் அதைவிட நீண்ட காலம் நிற்கும், தண்ணீர் உருண்டு ஓடும், கழுவுவது சுலபமாகும்.

விளம்பரங்களில் வரும் '9எச்' என்ற சொல்லில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அது வைரத்துக்கு 10 கொடுக்கும் மோஸ் அளவுகோல் அல்ல, பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. கோட்டிங் பெரும்பாலும் ஓரிரு மைக்ரோன் தடிமன்தான். மணலோடு தேய்த்தால் அதுவும் கீறும். கோட்டிங் போட்ட காரையும் இரண்டு வாளியில்தான் கழுவ வேண்டும். கீறலை எடுக்காமல் மேலே கோட்டிங் போட்டால், கீறலைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பாதுகாத்ததுபோல் ஆகிவிடும்.

பறவை எச்சத்தை அன்றைக்கே எடுக்க வேண்டும். வெயிலில் காய்ந்தால் கிளியர் கோட்டில் பள்ளம் விழும். ஈரத் துணியைச் சில நிமிடம் மேலே போட்டு ஊறவைத்து எடுத்தால் தேய்க்க வேண்டியிருக்காது. புதுக் காருக்குப் பூஜை போட்டதும் போனட்டில் வைக்கும் சந்தனத்துக்கும் குங்குமத்துக்கும் திருநீற்றுக்கும் அதே முறைதான். காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டுவதும் உலர்ந்த திருநீற்றைத் துணியால் தட்டுவதும், கார் வீட்டுக்கு வந்த முதல் நாளிலேயே முதல் கீறலைப் போட்டுவிடும். கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ பிரிக்பீல்ட்ஸிலோ பூ வாங்கிக் கல்யாணக் காரை அலங்கரிப்பவர்கள், ஒட்டுநாடாவையும் ரிப்பனையும் கழற்றியதும் காரைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிடுவது நல்லது. ரிப்பனுக்கு அடியில் ஊர்வலம் முழுக்கத் தூசி உரசிக்கொண்டிருந்திருக்கும்.

மைக்ரோஃபைபர் துணிகளைத் தனியாகத் துவைக்க வேண்டும். துணி மென்மையாக்கி சேர்த்தால் இழை அடைத்துக்கொண்டு தண்ணீரை உறிஞ்சாது. கழுவும் நடுவில் துணி தரையில் விழுந்துவிட்டால் உதறிவிட்டுத் தொடரக் கூடாது. அன்றைக்கு அந்தத் துணி டயருக்கு மட்டும்தான்.